கொஞ்சம் இருங்க, ஏறிட்டு இருக்கோம்

எச்சரிக்கைச் சங்கு ஓய்ந்ததும் மலை அந்த ஒலியைத் திருப்பித் தரும். முதலில் எதிரே நிற்கும் மொட்டைப் பாறை உரக்கக் கொடுக்கும். பிறகு ஓடை முழங்கை மாதிரி மடங்கும் இடம் கொஞ்சம் மங்கலாகக் கொடுக்கும். கடைசியில், கண்ணுக்குத் தெரியாத கீழ்ப் பள்ளத்திலிருந்து, யாரோ தூக்கத்தில் முனகுவது போல ஒரு மிச்சம் வரும். அதுவும் அடங்கிய பிறகுதான் ஷட்டரைத் தூக்க வேண்டும். இந்த அணைக்குப் பொறியாளராக மாற்றலாகி வந்த நாளிலிருந்து அவள் அப்படித்தான் செய்துவந்தாள். அன்றைக்குப் பிற்பகல் அந்த முனகல் அடங்கவில்லை. இழுபட்டு, மெலிந்து, ஒரு சொல்லாக மாறியது.

"இருங்க..."

பொத்தான் மேல் வைத்திருந்த விரலை அவள் எடுத்துக்கொண்டாள்.

"கேட்டுச்சா?"

"என்னது மேடம்?" என்றார் ஷட்டர் ஆபரேட்டர். ஷட்டரைப் போலவே சைரனும் அவர் பொறுப்பு என்பதால் எல்லோரும் அவரைச் சங்கு என்றே கூப்பிட்டார்கள்; சொந்தப் பெயரைச் சொன்னால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். "ஊருக்கெல்லாம் சங்கு ஊதறவன் நான், எனக்கு யாரு ஊதப் போறாங்களோ" என்று புதிதாக வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

"கீழேருந்து யாரோ இருங்கன்னு சொன்னாங்க."

"காத்து மேடம். இந்த இடுக்குல காத்து நுழைஞ்சா கல்யாண வீடு மாதிரி பேசும்."

சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஷட்டரின் கம்பிவடத்தில் பூசியிருந்த கிரீஸைச் சுட்டுவிரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வெளியே போய்க் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே எட்டிப் பார்த்தாள். வெயிலில் காய்ந்த உருண்டைக் கற்கள், அவற்றுக்கிடையே நூல் மாதிரி கசியும் தண்ணீர், ஒரு மீன்கொத்தி. மனித வாடையே இல்லை. திரும்பி வந்து ஷட்டரைத் தூக்கச் சொன்னாள்.

அந்த ஓடையை அவள் முதலில் வரைபடத்தில்தான் படித்தாள். பிறகு காலால் நடந்து படித்தாள். மலையின் இரண்டு முடிகளுக்கு அடியில், ஒன்றை ஒன்று அறியாத இரண்டு ஊற்றுகள். ஒன்று செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு வருவதால் எப்போதும் தேநீர் நிறம். மற்றது பாறை மேலேயே சறுக்கி வருவதால் கண்ணாடி. கவட்டைப் பாறைக்குக் கீழே இரண்டும் சேர்ந்தாலும் உடனே கலந்துவிடுவதில்லை. பேச்சுவார்த்தை நின்றுபோன புருஷன் பெண்டாட்டி மாதிரி ஒரே படுகையில் ஆளுக்கொரு பக்கமாகக் கொஞ்ச தூரம் ஓடி, அருவியில் விழும்போதுதான் வேறு வழியில்லாமல் ஒன்றாகும். அருவிக்குக் கீழே கிண்ணம் போன்ற பள்ளத்தாக்கு. கிண்ணத்தின் வாய் குறுகும் இடத்தில், இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே, அணை. அணைக்குக் கீழே ஓடை ஒரு பிளவுக்குள் இறங்கி, முழங்கையாக மடங்கி, அதற்கப்பால் ஒரு மடுவில் தங்கி, சமவெளிக்கு ஓடிவிடும். மடுவில் தண்ணீர் பச்சையாக, குளிர்ந்து, இடுப்பளவே இருக்கும். விடுமுறை நாட்களில் சமவெளியிலிருந்து ஆட்கள் படுகை வழியாகவே நடந்து வந்து அங்கே குளிப்பார்கள். ஆனால் தண்ணீர் வந்துவிட்டால் அந்த வழி முதலில் மூழ்கிவிடும். அப்போது மேலே ஏறித் தப்பிக்க ஒரே ஒரு பாதை. மடுவிலிருந்து புறப்பட்டு, முழங்கையைச் சுற்றி, இடது பாறையில் வெட்டிய படிகளாக ஏறி, அணையின் மேல்தளத்தில், கட்டுப்பாட்டு அறை வாசலில் வந்து முடியும் பாதை.

போன மழைக்காலத்துக்கு முந்தைய மழைக்காலத்தில் அந்தப் பாதையை எட்ட முடியாமல் ஒரு வேன் நிறைய ஆட்கள் வெள்ளத்தோடு போனார்கள். தையல் கம்பெனியில் வேலை பார்த்த பெண்கள், அவர்கள் வீட்டு ஆண்கள், பிள்ளைகள். மடுவின் மேல் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மழை பெய்தது மலை உச்சியில். ஷட்டர் தூக்கப்பட்டது. சில உடல்கள் சமவெளி வயல்களில் கிடைத்தன. சில கிடைக்கவே இல்லை. சங்கு முறைப்படி ஊதப்பட்டது, அவர்கள்தான் மதிக்கவில்லை என்று விசாரணை முடிந்தது. எச்சரிக்கையை மீறிக் குளித்தவர்கள் என்று பத்திரிகைகளும் எழுதின. செத்தவர்களைத் திட்டிவிட்டு ஊர் வேறு வேலை பார்க்கப் போயிற்று.

அப்போது இங்கே பொறியாளராக இருந்தவர் அவளுடைய கணவர். விசாரணைக்குப் பிறகு அவருக்குத் தலைமை அலுவலகத்தில் பெரிய நாற்காலி கிடைத்தது. காலியான இடத்துக்கு, அதே துறையில் இருந்த அவளை மாற்றினார்கள். கேட்டு வாங்கியதே அவர்தான் என்று பிறகு தெரிந்தது.

"வேற எவனாவது வந்தா தேவையில்லாம நோண்டுவான். நீ இருந்தா நம்ம வீட்டுக்குள்ள இருக்கற மாதிரி" என்றார். மகள் அவரோடு நகரத்தில் படித்தாள். இவள் தனியாகப் பெட்டியைக் கட்டிக்கொண்டு மலையேறினாள்.

குரல் கேட்டதற்கு மறுநாள் ஷட்டரை மூடிய பிறகு அவள் தனியாகப் படியிறங்கிப் போனாள். வெயில் சுள்ளென்று அடித்தது, படிகள் சுட்டன. மடுவின் ஓரத்து மணல், புதுத்துணி விரித்த மாதிரி, ஒரு காலடியும் இல்லாமல் கிடந்தது. ஆனால் மடுவிலிருந்து பாதை தொடங்கும் முதல் பாறையில் ஈரம் இருந்தது. வெறுங்கால் ஈரம். பெரிய பாதங்கள், அவற்றுக்கிடையே கொலுசு உரசிய கோட்டோடு சிறியவை, எல்லாம் மேல்நோக்கி. நாலைந்து எட்டு வைத்ததும் நின்றுவிட்டிருந்தன. அந்தப் பாறையைத் தொட்டால் கை பொறுக்காத சூடு. ஆனால் ஈரம் காயவில்லை. அவள் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். காயவே இல்லை. காற்றில் மலிவான குளியல் சோப்பின் வாசனையும், பல நாள் ஊறிய துணியின் வாடையும் கலந்து வந்தன.

அடுத்த முறை சங்கு ஊதியபோது குரல் மடுவிலிருந்து வரவில்லை. முழங்கையிலிருந்து வந்தது. ஒரு குரல் இல்லை, பல குரல்கள்.

"கேக்குதுங்க! கொஞ்சம் இருங்க, ஏறிட்டு இருக்கோம்!"

அவளை உலுக்கியது அந்தக் குரல்களில் இருந்த பணிவு. அலறல் இல்லை, கோபம் இல்லை. நகரத் தொடங்கிய பஸ்ஸைப் பார்த்து ஓடிவருகிறவர்கள் டிரைவரைக் கெஞ்சுவார்களே, கொஞ்சம் சிரிப்பும் கொஞ்சம் மூச்சிரைப்புமாக, அப்படி. அவள் காத்திருந்தாள். யாரும் வரவில்லை. சங்கு தரையைப் பார்த்தபடி பீடியைப் பற்றவைக்க முயன்று முயன்று தீக்குச்சிகளை வீணாக்கினார்.

மறுநாள் போய்ப் பார்த்தாள். ஈரத் தடங்கள் முழங்கையைத் தாண்டி, முதல் படியில் நின்றிருந்தன.

அந்தப் பருவத்தில் மழை விட்டு விட்டுப் பெய்தது. ஒவ்வொரு தடவை தண்ணீர் திறக்கும்போதும் சங்கு ஊத வேண்டும். ஊதினால் அவர்கள் பதில் சொன்னார்கள். சொல்லிவிட்டுச் சில படிகள் ஏறினார்கள். ஊதாத நாட்களில் நின்ற இடத்திலேயே நின்றார்கள். அதை அவள் மெல்ல மெல்லத்தான் புரிந்துகொண்டாள். புரிந்த பிறகு, வானம் கறுத்தாலே, கட்டுப்பாட்டு அறைக்குப் பின்னால் இருந்த குடியிருப்பில் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு படுத்தாள். கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர், குளியலறைக் குழாயின் கசிவு, தலையணையில் தன் காதுக்குள்ளேயே ஓடும் ரத்தம், எல்லாமே ஈரக்கால் வைத்து யாரோ ஏறுவது போலக் கேட்டது.

ஒருநாள் அவளால் முடியவில்லை. "சங்கு வேண்டாம். ஷட்டரைத் தூக்குங்க" என்றாள்.

"ஊதாமலா?"

"கீழே யாரும் இல்லன்னு பார்த்தாச்சு. தூக்குங்க."

தண்ணீர் இறங்கியது. ஒரு குரலும் இல்லை. பாறைகளில் நுரை மோதும் சத்தம் மட்டும். எத்தனை நாளைக்குப் பிறகு அப்படி ஒரு நிம்மதி! அவள் கண்களை மூடிக்கொண்டாள். பக்கத்தில் சங்கு, தனக்குத்தானே பேசுகிறவர் மாதிரி, "சார் மாதிரியே பண்றீங்க மேடம்" என்றார்.

அவள் கண்களைத் திறந்தாள்.

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்ல மேடம். வாய் தவறிடுச்சு."

"சங்கு. என்ன சொன்னீங்க?"

அவர் அங்கேயே சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். பெரிய மனிதர், ஒரு மூட்டையைப் போட்ட மாதிரி. "அன்னைக்கு சைரன் ஓடல மேடம். மோட்டார் காயில் எரிஞ்சு போய் ரொம்ப நாளா கெடந்துச்சு. நானும் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். தண்ணி திடீர்னு ஏறிடுச்சு. ஓடிப்போய்ச் சொல்லிட்டு வரேன்னேன். சார்தான், நேரமில்ல, தூக்குன்னாரு. தூக்கினேன்." மூக்கை முழங்கையில் துடைத்துக்கொண்டார். "விசாரணைல ஊதினேன்னு சொல்லச் சொன்னாரு. சொன்னா வேலை நிரந்தரம்னாரு. என் பெரிய பொண்ணுக்கு அப்பத்தான் சம்பந்தம் பேசிட்டு இருந்தோம் மேடம்."

அன்று மாலை அவள் கணவருக்குப் போன் செய்தாள். கேட்டாள். அந்தப் பக்கம் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது. அதை அவர் அணைத்தார்.

"அந்தக் குடிகாரன் பேச்சைக் கேட்டுட்டு வந்துட்டியா?"

"ஊதினீங்களா இல்லையா?"

"அணை நிறைஞ்சு உடைஞ்சிருந்தா கீழே டவுனே போயிருக்கும். ஒரு வேனா, ஒரு டவுனா? கணக்கு தெரியாதவளா நீ?"

"நான் கணக்கு கேக்கல."

"சரி, இப்ப என்ன பண்ணலாம்ங்கற? பேப்பர்காரனைக் கூப்பிடு. உன் பொண்ணு காலேஜ், இந்த வீடு, உன் வேலை, எல்லாம் எதுமேல நிக்குதுன்னு ஒரு தடவை யோசிச்சுட்டுக் கூப்பிடு."

அவள் யோசித்தாள். யாரையும் கூப்பிடவில்லை. மறுநாள் காலையில் எழுந்து, பல் தேய்த்து, நீர்மட்டம் பார்க்கப் போனாள். கூப்பிடாமல் விட்டதன் கசப்பு நாக்கில் இல்லை, அதற்கும் கீழே எங்கோ இருந்தது. எவ்வளவு தண்ணீர் குடித்தும் இறங்கவில்லை. மறுபடி சங்கை ஊதச் சொன்னாள். தனக்கு அது ஒரு தண்டனை என்று நினைத்துக்கொண்டாள். ஏறிவருகிறவர்கள் எதற்காக ஏறிவருகிறார்கள் என்று நினைக்கவில்லை.

பிறகு பெருமழை வந்தது.

விடாமல் பெய்தது. கவட்டைப் பாறையில் தேநீரும் கண்ணாடியும் இரண்டும் ஒரே சேறாகிப் போயின. அருவி எங்கே முடிகிறது, மழை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. சாலையின் மேல்வளைவில் மண் சரிந்து ஆள் நடமாட்டம் நின்றது. மூடுபனி பள்ளத்தாக்கிலிருந்து எழுந்து அணையின் தளத்தை மூடியது. மாலைக்கு முன்பே விளக்குப் போட வேண்டியிருந்தது. மின்சாரம் போய், ஜெனரேட்டரின் உறுமலில் அந்த விளக்கும் இமைத்து இமைத்து எரிந்தது. தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டது. தாண்டியது. கான்கிரீட்டுக்குள்ளிருந்து, நெறிபடும் பல்லைப் போல, ஒரு மெல்லிய சத்தம் வரத் தொடங்கியது.

"ஊதுங்க" என்றாள்.

சங்கு ஊதினார். ஒலி பனிக்குள் போய்த் தொலைந்தது. மொட்டைப் பாறை திருப்பித் தரவில்லை. முழங்கை தரவில்லை. அதற்குப் பதில், தளத்தின் விளிம்புக்குச் சற்றுக் கீழே, படிகளிலிருந்து, மிக அருகில்:

"கேக்குதுங்க! வந்துட்டோம்! கொஞ்சம் இருங்க, ஏறிட்டு இருக்கோம்!"

ஒரு கிழவரின் இருமல். "கையப் புடிடி, வழுக்கும்" என்று ஒரு பெண். கொலுசுச் சத்தம். ஒரு குழந்தை சிணுங்கி அழுதது.

சங்கின் முகம் சாம்பலாகியிருந்தது.

"உங்களுக்கும் கேக்குது" என்றாள் அவள்.

"மொதல் நாள்லேருந்து கேக்குது மேடம்." அவர் கைகூப்பினார். "திறந்துடுங்க. அவங்களுக்கு இனிமே ஒண்ணும் ஆகாது. திறந்துடுங்க."

அவள் விரல் பொத்தானுக்குப் போனது. நின்றது. சாலை அடைபட்டிருக்கிறது. நடுவழியில் மாட்டிக்கொண்டவர்கள் வேறு வழியில்லாமல் பாறையோரமாக இறங்கி, இந்தப் படிகளுக்கு வந்திருந்தால்? உயிரோடு இருக்கிறவர்களாக இருந்தால்? இரண்டு மாதமாகப் பேய்க்குரல் என்று பழகிப்போன காது, நிஜக்குரலை எப்படிப் பிரித்துச் சொல்லும்?

"போய்ப் பார்த்துட்டு வாங்க."

"மேடம்..."

"உண்மையான ஆளுங்களா இருந்தா என்ன பண்றது? இன்னொரு வேனா?"

"என்னை அனுப்பாதீங்க மேடம். உங்க கால்ல விழறேன். நான் அவங்க முகத்தைப் பார்க்க முடியாது."

"நீங்க பார்த்துட்டு வந்து சொல்ற வரைக்கும் நான் திறக்கமாட்டேன். அணை போனாப் போகட்டும்."

அப்படிச் சொன்னபோது தன் குரலில் ஒரு சின்ன சந்தோஷம் இருந்ததை அவளே கேட்டாள். பொய் சொன்னவன் போய்ப் பார்க்கட்டும். நகரத்தில் இருக்கிறவரை அனுப்ப முடியாது, இவரை முடியும்.

அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு மழைக்குள் போனார். படி தொடங்கும் இடத்தில் வெளிச்சம் ஒருமுறை அசைந்தது. இறங்கியது. பனி அதைத் தின்றது.

குரல்கள் நின்றன.

அவள் காத்திருந்தாள். கதவுக் கண்ணாடி உள்ளே விட்ட மூச்சில் வெளுத்து மூடியது. நெறிபடும் சத்தம் இப்போது தரை வழியாகக் காலில் ஏறியது. போன் அடித்தது.

"இன்னும் ஏன் திறக்கல?" என்றார் கணவர். "இங்க எல்லாரும் என்னைப் பிடுங்கறாங்க. திற."

"சங்கு கீழே போயிருக்கார். யாரோ படியில இருக்காங்க."

"யாரும் இருக்க முடியாது. ஊதினியா இல்லையா? ஊதிட்டேல்ல? அப்ப உன் பொறுப்பு முடிஞ்சது."

"குரல் கேட்டுச்சு. கொஞ்சம் இருங்கன்னு..."

அவள் இதுவரை கேட்டறியாத ஒரு சின்னக் குரலில், அவர் கேட்டார்:

"குழந்தை அழுதுச்சா?"

அவள் குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

"உங்களுக்குக் கேட்டிருக்கு" என்றாள். "அன்னைக்கு. இங்க நின்னு, அவங்க கூப்பிட்டதைக் கேட்டுட்டே..."

"திற. தயவுசெஞ்சு திற. கதவைச் சாத்திக்கோ, திற."

அவள் போனை மேசையில் வைத்தாள். அணைக்கவில்லை.

கதவுக்கு வெளியே யாரோ நடந்து வந்தார்கள். ஈரமான காலடி. நின்றது. வெளுத்த கண்ணாடிக்கு அப்பால் ஒரு ஆள் உருவம். உயரமாக, தோளைக் குறுக்கிக்கொண்டு, மழையில் நனைந்தபடி.

"சங்கு?"

"யாரும் இல்ல மேடம்." குரல் கரகரத்திருந்தது, தண்ணீர் குடித்த குரல் மாதிரி. "பார்த்துட்டேன். ஒருத்தரும் இல்ல. திறந்துடுங்க."

அவளுக்கு அழுகை வந்தது. அத்தனை நாள் இறுக்கமும் ஒரே மூச்சில் கரைந்தது. பொத்தானை அழுத்தினாள். மோட்டார் முனகியது. கம்பிவடம் விறைத்தது. ஷட்டர் எழும்பியது, எழும்பியது, பிறகு அந்த மகா சத்தம். மலையையே உதறிப் போட்டது போல. தரை அதிர்ந்தது. நெறிபடும் சத்தம் அடங்கியது. அணை பிழைத்தது. கீழே டவுன் பிழைத்தது.

"உள்ள வாங்க" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நனைஞ்சுட்டு ஏன் நிக்கறீங்க."

உருவம் அசையவில்லை.

அந்த மகா சத்தத்துக்கு அடியிலிருந்து, வெகு கீழே, படிகளின் பாதியில் எங்கோ:

"மேடம்! இருங்க! ஏறிட்டு இருக்கேன் மேடம்! கொஞ்சம் இருங்க!"

சங்கின் குரல். இரைத்தது. பயந்திருந்தது. உயிரோடு இருந்தது.

அவள் பொத்தானுக்குப் பாய்ந்தாள். மூட வேண்டும். மூடு. மூடு.

கதவு திறந்தது.

அவர் இல்லை. அவள் பார்த்தேயிராத ஒரு மனிதன். வெறும் மேல், தோளில் ஒரு துண்டு. தோல் முழுக்க, வெகுநாள் ஊறிய விரல்நுனி மாதிரி, வெளுத்துச் சுருங்கியிருந்தது. சோப்பு வாசனை. அவன் அவசரமில்லாமல் வந்து, அவள் கைமேல் தன் கையை வைத்தான். அழுத்தவில்லை. அடுப்பைத் தொடப்போகும் பிள்ளையின் கையைத் தடுப்பது போல, மெதுவாக. அந்தக் குளிர் எலும்புவரை போயிற்று. அவளால் விரலை அசைக்க முடியவில்லை.

"மேடம்!"

திறந்த கதவுக்கு வெளியே, அணையின் தளம் நெடுக, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அவர்கள் நின்றிருந்தார்கள். பெண்கள், தலைமுடி ஒழுக. ஒரு கிழவர். பிள்ளைகள், எட்டிப் பார்க்க முடியாமல் நுனிக்காலில். எல்லோரும் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள், புதுத்தண்ணீர் வருவதைப் பார்க்க வந்தவர்கள் மாதிரி.

"மே—"

அவ்வளவுதான். பிறகு தண்ணீர் மட்டும்.

மேசையில் போன் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. "ஹலோ? திறந்துட்டியா? ஹலோ?"

குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் திரும்பினாள். கோபமே இல்லை அவள் குரலில்.

"நீங்க ஊதினீங்கம்மா. நாங்க எல்லாரும் கேட்டோம். யாரு வந்து கேட்டாலும் சொல்றோம்."

சொல்லிவிட்டு அந்தப் பெண் கொஞ்சம் நகர்ந்து, சுவரோரம் ஒரு ஆள் நிற்க இடம்விட்டாள். துண்டுக்காரன் பொத்தான் மேல் இருந்த அவள் கையைப் பிடித்து நடத்தினான். கால்கள் தாமாகப் போயின. சுவர் ஈரமாக இருந்தது. அவளும் பிடித்துக்கொண்டாள். அவளும் கீழே பார்த்தாள்.

நுரைக்கு நடுவில், படிகளே தெரியாமல் கொட்டும் வெள்ளத்துக்கு உள்ளே, ஒரு ஆள் ஏறி வந்துகொண்டிருந்தார். எதையும் பிடித்துக்கொள்ளாமல். தண்ணீர் அவர் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. சங்கு இப்போது கூப்பிடவில்லை. அவசரப்படவில்லை. அவருக்குப் பின்னால், பச்சைப் பாசி படிந்த தலைகளோடு, இதுவரை கிடைக்காதவர்கள் ஒவ்வொருவராக ஏறி வந்தார்கள்.